ஊருக்கு லீவு... நெருப்புக்கு ஏது லீவு?

தீபாவளி அன்று சென்னையில் என்னென்ன மூடியிருக்கும்?

சர்க்கார் ஆபீஸ் மூடியிருக்கும். பாங்கு மூடியிருக்கும். தபால் ஆபீஸ், ரேஷன் கடை எல்லாவற்றிலும் பூட்டு தொங்கும். மின்சார ரயில்கள் ஞாயிற்றுக்கிழமை கணக்கில் ஓடும். தெருமுனை டாக்டர் சொந்த ஊருக்குப் போயிருப்பார். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் பாதி நாளைக்கு மேல் ஷட்டர் இறங்கிவிடும்.

என்னென்ன திறந்திருக்கும்?

பட்டாசுக் கடை திறந்திருக்கும். ஸ்வீட் ஸ்டால், பிரியாணிக் கடை, சினிமா தியேட்டர் எல்லாம் ஜே ஜே என்று இருக்கும். டாஸ்மாக் கடையும் திறந்திருக்கும்.

இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சங்கதி புரியும். நெருப்பு வைக்கிற சாமான் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. நெருப்புப் பட்டால் மருந்து போடுகிற இடம் தெருவில் இல்லை. வருஷத்தில் எந்த நாளில் தீக்காயம் அதிகமோ, அதே நாளில்தான் பக்கத்து டாக்டரும் பக்கத்து மருந்துக் கடையும் லீவு!

ஊர் முழுக்க லீவு விடலாம். தப்பில்லை. உழைக்கிறவனுக்கு வருஷத்தில் ஒரு நாள் கொண்டாட்டம் வேண்டாமா? 2024-ல் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமைக்கும் அரசு லீவு கொடுத்தது. 2025-ல் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமைக்கும் லீவு கிடைத்தது. ஊருக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் நெருப்புக்கு யார் லீவு கொடுப்பது?

இரவு ஏழே கால் மணி

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வியாசர்பேட்டையோ, கொருக்குப்பேட்டையோ, சைதாப்பேட்டையோ... எந்தப் பேட்டையாக இருந்தால் என்ன?

இரவு ஏழே கால் மணி. தெருவில் ஒரே புகை. எட்டு வயசுப் பையன் புஸ்வாணத்துக்குத் திரி கிள்ளி வைத்தான். பற்றவில்லை. அணைந்துபோச்சு என்று நினைத்தான். குனிந்து பார்த்தான். "டமார்" என்று வெடித்தது. கையும் கன்னமும் வெந்துபோனது.

வீட்டில் கூச்சல். பாட்டி மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். பக்கத்து வீட்டுக்காரர், "பேனா மை ஊத்துங்கம்மா" என்கிறார். இன்னொருத்தர், "பல் விளக்குற பேஸ்ட்டைத் தடவுங்க, குளுகுளுன்னு இருக்கும்" என்கிறார். அப்பன்காரன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடுகிறான்.

கிளினிக் வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: "தீபாவளி விடுமுறை."

மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறான். ஷட்டர். இன்னொரு கடை. அதுவும் ஷட்டர். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வண்டி கூட இல்லை. 108-க்குப் போன் போடுகிறார்கள். ஆம்புலன்ஸ் மெயின் ரோடு வரைக்கும் வந்துவிடுகிறது. சந்துக்குள் வர முடியவில்லை. இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள், கார். நடுவில் யாரோ சரவெடியை நீளமாக விரித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். அது தீருகிற வரைக்கும் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மெயின் ரோட்டுக்கு ஓடுகிறார்கள். அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. தீபாவளிக்கு மறுநாள் எந்த சர்க்கார் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்குப் போனாலும் இதே கதையை வேறு வேறு வாயால் கேட்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரிகளைக் குறை சொல்ல முடியாது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவு ஊருக்கே தெரியும். சென்ட்ரல் எதிரே இருக்கிற பெரியாஸ்பத்திரி, ஸ்டான்லி, ராயப்பேட்டை எல்லாமே ராப்பகலாகத் திறந்திருக்கின்றன. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் ஆரம்பித்தது. 200 வருஷத்துக்கு மேல் இந்த ஊரின் கண்ணைக் காப்பாற்றி வருகிறது. தீபாவளி வந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் தீக்காயத்துக்கென்று தனியாகக் கட்டில் ஒதுக்கி வைப்பதும் வழக்கம்தான்.

ஆனால் கீழ்ப்பாக்கம் எங்கே, எண்ணூர் எங்கே, செம்மஞ்சேரி எங்கே? தீக்காயத்தில் முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். அந்த அரை மணிக்குள் வேண்டியது பெரிய ஆபரேஷன் இல்லை. சுத்தமான தண்ணீர், சரியான கட்டு, "இதைத் தடவாதே" என்று சொல்ல ஒரு நர்ஸ். அவ்வளவுதான். அது பக்கத்துத் தெருவில் இருந்தால் தழும்போடு போகும். இல்லாவிட்டால் விரல் மடங்காமல் நின்றுவிடும்.

கடிகாரம் காப்பாற்றுமா?

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அந்தப் பையன் வெடி வைத்தது எத்தனை மணிக்கு? இரவு ஏழே கால். அது சட்டப்படி அனுமதித்த நேரம்!

2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டது. தீபாவளிக்கு ராத்திரி 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்றது. தமிழ்நாட்டில் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெடி வைப்பதுதானே வழக்கம்? தமிழக அரசு கோர்ட்டுக்குப் போனது. இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் எந்த நேரம் என்று மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம் என்று கோர்ட் சொன்னது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று தமிழக அரசு அறிவித்தது. அதே நேரம்தான் அதற்குப் பிறகும் தொடர்கிறது.

நேரம் கடந்து வெடித்ததற்காக அந்த 2018 தீபாவளியிலேயே மாநிலம் முழுக்கப் போலீசார் வழக்குப் போட்டார்கள். அதற்கடுத்த வருஷங்களிலும் போட்டார்கள். என்ன ஆச்சு? விடியற்காலை நாலு மணிக்கே முதல் வெடி கேட்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஓயவில்லை. எத்தனை ஏட்டையா எத்தனை சந்தில் நின்று கடிகாரம் பார்ப்பார்?

சரவெடிக்கும் தடை இருக்கிறது. 2018-ல் சொன்னதையே 2021 அக்டோபர் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் கண்டிப்பாகச் சொன்னது. நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் போடுகிற வெடி கூடாது என்று 1999-லேயே விதி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெடிக்கவே கூடாது என்று 2005-ல் ஒரு தீர்ப்பு. சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை!

ஆனால் இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை புகையையும் சத்தத்தையும் பற்றியவை. அது வேண்டியதுதான். கைக்குழந்தைக்கும், ஆஸ்துமாக்காரருக்கும், இதய நோயாளிக்கும் அது பெரிய உபகாரம். ஆனால் வெந்துபோன கைக்கு அது மருந்தாகாது. நேரத்தைக் குறைத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே சந்தில், அவசர அவசரமாகக் கொளுத்துகிறார்கள். ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே தெருவில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. கடிகாரத்தை மட்டும் காட்டிவிட்டு, "பாதுகாப்பான தீபாவளி" என்று சொன்னால் போதாது.

மூன்று மீட்டர், ஐம்பது மீட்டர்

விற்கிற இடத்துக்கு வருவோம்.

தற்காலிகப் பட்டாசுக் கடை எப்படி இருக்க வேண்டும் என்று 2008-ம் வருஷத்து வெடிபொருள் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கொட்டகை தீப்பிடிக்காத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். எதிரும் புதிருமாகக் கடை போடக் கூடாது. எண்ணெய் விளக்கு, காஸ் விளக்கு கூடாது. பல்பு வயரில் தொங்கக் கூடாது. சுவரிலோ கூரையிலோ பொருத்தியிருக்க வேண்டும். கடையிலிருந்து 50 மீட்டருக்குள் யாரும் வெடித்துக் காட்டக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது.

தீவுத்திடலில் இதைப் பெரும்பாலும் பார்க்கலாம். மணல் வாளி இருக்கும். தண்ணீர் இருக்கும். தீயணைப்பு வண்டி நிற்கும்.

தெருக்கடையில்? முன்னால் மேஜை. மேஜை மேல் பட்டாசு. மேலே வயரில் தொங்குகிற பல்பு. ஒரு பக்கம் பஜ்ஜிக் கடை அடுப்பு எரிகிறது. மறு பக்கம் ஒருத்தர் சாவகாசமாக பீடி பற்ற வைக்கிறார். "இது சத்தம் வருமா?" என்று கேட்டால், கடைப் பையன் கடை வாசலிலேயே ஒன்றைக் கிள்ளிப் போட்டுக் காட்டுகிறான்!

இப்படி இருந்தால் என்ன நடக்கும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. நடந்ததைப் பார்த்தால் போதும்.

2021 அக்டோபர் 26. தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் கடைத்தெருவிலேயே பட்டாசுக் கடை தீப்பிடித்தது. ஐந்து பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

2023 ஜூலை 29. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்தது. பக்கத்துக் கட்டடங்களும் இடிந்து விழுந்தன. 9 பேர் பலி.

அதே 2023 அக்டோபர் 7. ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி. பட்டாசுக் கடைக்கு லாரியில் வந்த சரக்கை இறக்கும்போது தீ. 14 பேருக்கு மேல் போய்விட்டார்கள். சீசனுக்கு நாலு காசு சம்பாதிக்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன பையன்கள் அதில் பல பேர்.

2021 நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரி எல்லையில் கோட்டக்குப்பம். ஒரு அப்பா ஸ்கூட்டரில் நாட்டு வெடி மூட்டையோடு சின்னப் பையனையும் உட்கார வைத்துக்கொண்டு போனார். நடுரோட்டில் வெடித்தது. இரண்டு பேரும் அந்த இடத்திலேயே முடிந்துபோனார்கள்.

கடைத்தெரு, குடோன், லாரி, ஸ்கூட்டர். நாலும் நாலு மாதிரி. பாடம் ஒன்றுதான். வெடி நிறைய இருக்கிற இடத்தில் மனுஷனும் நிறைய இருந்தால், ஒரு பொறி போதும்.

ரயிலில் போகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பையில் நாலு டப்பா பட்டாசு போட்டுக்கொள்வது சின்ன விஷயம் போலத் தெரியும். ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் அதற்கு மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆயிரம் ரூபாய் பெரிய பணம் இல்லை. ஓடுகிற பெட்டியில் தீப்பிடித்தால் எங்கே இறங்குவது?

பாட்டிலுக்கு லீவு இல்லை

திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் டாஸ்மாக் கடைக்கு லீவு. அந்தப் பட்டியலில் தீபாவளி இல்லை.

அதாவது, நெருப்பைக் கையில் எடுக்காத நாட்களில் பாட்டில் கிடைக்காது. ஊரே நெருப்பைக் கையில் எடுக்கிற நாளில் பாட்டில் தாராளமாகக் கிடைக்கும்!

தண்ணி போட்டுவிட்டுக் கையிலேயே அணுகுண்டைப் பிடித்துக் கொளுத்துகிற வீரர்களைப் பார்க்காத தெரு உண்டா? காலி பாட்டிலில் ராக்கெட் வைக்கிறார்கள். பாட்டில் சாய்கிறது. ராக்கெட் வானத்துக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிற கிழவி மேல் பாய்கிறது. தீபாவளியில் காயம் படுகிறவர்கள் எல்லோரும் வெடி வைத்தவர்கள் இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சும்மா நடந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

தீபாவளிக்கு மதுக்கடையை மூடினால் வருமானம் போகும் என்பார்கள். ஒரு நாள் முழுக்க மூட வேண்டாம். சாயங்காலம் மட்டும் மூடினால் கஜானா காலியாகிவிடுமா? பெண்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிற விஷயமாக இருந்தால் இது ஒரே நாளில் முடிந்துவிடும்.

துடைப்பம் பிடித்த கை

லீவு இல்லாதவர்களும் இந்த ஊரில் உண்டு.

தீயணைப்பு நிலையத்தில் சீருடையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பவர்கள். பிள்ளைக்குப் புதுச் சட்டையை முதல் நாள் ராத்திரியே போட்டுப் பார்த்துவிட்டு டூட்டிக்கு வந்த நர்ஸ். 108 டிரைவர். பஸ் கண்டக்டர். விடியற்காலையில் பால் பாக்கெட் கொண்டு வருகிறவர். கரண்ட் போனால் கம்பம் ஏறுகிற லைன்மேன். இவர்கள் எல்லோருக்கும் வீட்டில் தீபாவளி உண்டு. ஆனால் அவர்கள் வீட்டில் இல்லை.

எல்லோருக்கும் கடைசியில் வருகிறார்கள் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள். மறுநாள் காலையில் ஊர் தூங்கும்போது அவர்கள்தான் தெருவில் இருப்பார்கள். பட்டாசுக் குப்பையை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாக அள்ளி, கும்மிடிப்பூண்டியில் இருக்கிற அபாயகரமான கழிவு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குப்பையில் வெறும் காகிதம் மட்டுமா இருக்கிறது? வெடிக்காத வெடியும் இருக்கிறது. உடைந்த பாட்டிலும் இருக்கிறது. முறுக்கிப்போன மத்தாப்புக் கம்பியும் இருக்கிறது. அதை வெறுங்கையால் அள்ளுகிற காட்சி இன்னும் மறையவில்லை.

அவர்களுக்கு முன்னாலேயே அந்தக் குப்பையைக் கிளறுகிறவர்களும் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்! வெடிக்காமல் புஸ்ஸென்று போன வெடியைப் பொறுக்குவார்கள். மருந்தைக் காகிதத்தில் கொட்டுவார்கள். சேர்த்து நெருப்பு வைப்பார்கள். ஒரே நொடியில் முகம் கருகிவிடும். தீபாவளி முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் தூங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு அது முடியவில்லை.

என்ன செய்யலாம்?

"பட்டாசே வேண்டாம்" என்று சொல்வது சுலபம். ஆனால் நாட்டில் வெடிக்கிற பட்டாசில் பெரும் பங்கு சிவகாசிப் பக்கம் தயாராகிறது. அங்கே எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். அந்த அடுப்பும் சும்மா எரியவில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி ஆலை விபத்தில் மட்டும் 38 பேர் போனார்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வெடியை, இங்கே பிள்ளையின் கையைப் பணயம் வைத்து வெடிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. பட்டாசு இருக்கட்டும். பக்கத்தில் பாதுகாப்பும் இருக்கட்டும்.

முதலாவது, வார்டுக்கு ஒரு விளக்கு எரிய வேண்டும். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் ஒரு இடம், மாநகராட்சி டிஸ்பென்சரியோ, பள்ளிக்கூடமோ, சமுதாய நலக்கூடமோ, தீபாவளி அன்று விடியற்காலை முதல் நள்ளிரவு வரை திறந்திருக்க வேண்டும். அங்கே ஒரு நர்ஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி, கட்டுத் துணி, ஒரு வண்டி. தேர்தலுக்கு வார்டுக்கு வார்டு பூத் போட முடிகிறது. இதற்கு முடியாதா?

இரண்டாவது, மெடிக்கல் ஷாப்புக்கு முறை வைக்க வேண்டும். கடைக்காரருக்கும் குடும்பம் உண்டு. எல்லோரும் திறக்க வேண்டாம். ஏரியாவுக்கு ஒரு கடை, இந்த வருஷம் ஒருத்தர், அடுத்த வருஷம் இன்னொருத்தர். மூடின கடையின் ஷட்டரில், "இன்று திறந்திருக்கும் கடை இன்ன தெருவில்" என்று ஒரு காகிதம் ஒட்டினால் போதும். டாக்டர்களும் இப்படி முறை போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, பொது இடம். எல்லோரும் சேர்ந்து ஒரே மைதானத்தில் வெடிப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்று 2018 உத்தரவிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அது காகிதத்தோடு நின்றுவிட்டது. மாநகராட்சி விளையாட்டுத் திடலைத் திறந்துவிட்டு, இரண்டு வாளி மணலும் ஒரு தண்ணீர் லாரியும் நிறுத்தினால் சந்துக்குள் நடக்கிற விபத்தில் பாதி குறையும்.

நாலாவது, சந்தில் வழி. தீபாவளி அன்று ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்த வேண்டும் என்று உள்ளூர் போலீஸ் கயிறு கட்டட்டும். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருவில் 101-க்குப் போன் செய்து என்ன பிரயோஜனம்?

ஐந்தாவது, கையுறையும் பூட்ஸும். துப்புரவுத் தொழிலாளிக்கு மறுநாள் காலையில் கொடுக்கிற டீயும் வடையும் மரியாதைதான். அதைவிடப் பெரிய மரியாதை, கை அறுபடாமல் வீட்டுக்கு அனுப்புவது.

வீட்டுக்குள்ளும் கொஞ்சம்

எல்லாவற்றையும் சர்க்கார் தலையிலேயே போட முடியாது. "கம்பி மத்தாப்புதானே, கைக்குழந்தைகிட்ட குடு" என்று சொல்லாத வீடு குறைவு. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி சூட்டில். கம்பி மத்தாப்பு எரிகிற சூடு 1000 டிகிரிக்கும் மேல்! எரிந்து முடிந்த கம்பியைத் தெருவில் எறிந்தால், அடுத்த நிமிஷம் யாரோ ஒரு பிள்ளை வெறுங்காலோடு மிதிக்கும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் கம்பியை அதில் போடலாம். வெடிக்காத வெடியையும் அதில்தான் போட வேண்டும்.

மழையில் நமத்த வெடியை அடுப்புப் பக்கம் காய வைக்கக் கூடாது. தீபாவளி மழைக்காலத்தில் வருவதால் இந்தத் தப்பு வருஷா வருஷம் நடக்கிறது. பளபளக்கிற நைலான் சட்டை பார்க்க அழகு. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெடி வைக்கும்போது பருத்தித் துணியே நல்லது. பற்றாத வெடியைக் குனிந்து பார்க்கக் கூடாது. மறுபடியும் பற்ற வைக்கவும் கூடாது. தள்ளி நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும்.

காயம் பட்டால் மாவு வேண்டாம். மை வேண்டாம். பேஸ்ட் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் வராத வீட்டில் சொம்பு சொம்பாக விடாமல் ஊற்ற வேண்டும். வீக்கம் வருவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். தோலில் ஒட்டின துணியைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. நேராகக் கண் ஆஸ்பத்திரிதான்.

இது பெரிய படிப்பு இல்லை. வீட்டுக்கு ஒருத்தர் தெரிந்து வைத்தால் போதும். எந்தப் பட்டாசு டப்பாவிலும் சாமி படமோ சினிமா நடிகை படமோ பெரிசாக இருக்கிறது. தீக்காயத்துக்கு என்ன செய்வது என்று நாலு வரி அதே அளவு எழுத்தில் போட்டால் யாருக்கு நஷ்டம்?

கடைசியாக ஒரு வார்த்தை

தீபாவளிக்கு மறுநாள் பேப்பரில் ஒரு செய்தி வரும். "பட்டாசு வெடித்ததில் இத்தனை பேர் காயம்." டீக்கடையில் படித்துவிட்டு, "போன வருஷத்தைவிடக் கம்மிதான்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அந்த எண்ணிக்கையில் ஒன்று, இன்னும் பேனா பிடிக்கவே சரியாகப் பழகாத ஒரு கை. அந்தக் கையின் அப்பனுக்கு அன்றைக்கு ராத்திரி வேண்டியிருந்தது சட்டமும் இல்லை, அறிக்கையும் இல்லை. ஷட்டர் இறங்காத ஒரே ஒரு கதவு.

ஊருக்கு லீவு விடுங்கள். அந்த ஒரு கதவுக்கு மட்டும் லீவு விடாதீர்கள்!